சார்ட் அட்டையும் ஓட்டைக் காலணாவும்

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தின் வரலாற்றுப் பகுதி முதல் உலகப்போரில் தொடங்குகிறது. மூன்றாவது பாடம் இரண்டாம் உலகப்போர். இவற்றை ஒட்டி ‘போரின் சமூக விளைவுகள்’ என்று ஒரு குழுச் செயல்திட்டம் கொடுப்பது பள்ளிகளில் சகஜம். ஐந்தாறு பிள்ளைகள் ஒரு குழு. கையெழுத்து அழகாக இருக்கும் பிள்ளை எழுதும், இன்னொன்று பிரவுசிங் சென்டரில் கலர் பிரிண்ட் எடுத்து வரும், ஒன்று ஒட்டும், மீதிப் பேர் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். சார்ட்டின் நடுவில் காளான் மேகம், ஒரு மூலையில் ஹிட்லர், இன்னொரு மூலையில் அழுகிற குழந்தை. கீழே உயிர்ச்சேதம், பொருட்சேதம், பஞ்சம், நோய், அகதிகள் என்று வரிசை. கடைசியில் ஸ்கெட்ச் பேனாவில் ‘போர் வேண்டாம்’. மதிப்பெண் வந்துவிடும். அந்த சார்ட்டில் பொய் எதுவும் இருக்காது. ஆனால் அதில் ஒரு மனிதரும் இருக்க மாட்டார். எந்தப் போருக்கு வேண்டுமானாலும் அதே அட்டையை, படத்தை மட்டும் மாற்றி, திரும்ப மாட்டிவிடலாம். என்னுடைய புகார் இதுதான்.

போர் ஒரு சமூகத்தை மொத்தமாக ஒரே மாதிரி தாக்குவதில்லை. ஒரு செலவு வருகிறது; அதை யார் தலையில் கட்டுவது என்பதை அந்தச் சமூகத்தின் பழைய ஏற்பாடுகள் தீர்மானிக்கின்றன. பணம், சாதி, நிறம், ஆணா பெண்ணா, வேலை கொடுப்பவரா செய்பவரா, எல்லாம் சேர்ந்து பங்கு பிரிக்கின்றன. சமூக விளைவு என்று தனியாக ஒன்று இருக்கிறதென்றால் அது இந்தப் பங்கீடுதான். ஆகவே, ‘யாருக்கு?’ என்று கேட்காத செயல்திட்டம் போரைப் பற்றிய தகவல் தொகுப்பாக இருக்கலாம், சமூக விளைவைப் பற்றியது ஆகாது என்பேன். இதைக் கொள்கையாகச் சொல்வதைவிட 1942-ஐ எடுத்துக்கொண்டு பார்ப்பது சுலபம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் போர் ஆண்டு அது.

1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், ஆலைத் தொழிலாளர்கள், கணக்கு எழுதியவர்கள், வட்டிக்கடை நடத்திய நகரத்தார் என்று எல்லாப் படியிலும் தென்னிந்தியர் இருந்தார்கள். 1930-களின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். துறைமுகப் பக்கத்தில் வசித்த கூலித் தொழிலாளர்கள் அதில் ஏராளம். இனி என்ன நடந்தது என்பதைத்தான் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். வசதி உள்ளவர் கப்பலுக்கும் விமானத்துக்கும் சீட்டு வாங்கினார். துறைமுகமும் நகரமும் ஓட வேண்டும் என்பதற்காகத் தொழிலாளியைப் போகவிடாமல் நிறுத்திவைக்கவே அரசு முதலில் பார்த்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்த பிறகு கப்பல் வழியும் அடைபட்டது. அரக்கான் மலைகளைத் தாண்டிச் சிட்டகாங் பக்கமும், தாமு வழியாக மணிப்பூருக்கும், இன்னும் வடக்கே அடர்ந்த காட்டு வழியாக அஸ்ஸாமுக்கும் நடந்தே வந்தவர்கள் சுமார் நான்கைந்து லட்சம் பேர். காலரா, மலேரியா, பசி. வழியில் இறந்தவர்களின் எண்ணிக்கைக்குப் பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரத்துக்கும் மேல் வரை மதிப்பீடுகள் உண்டு. அந்த நடையிலும் வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்று பாகுபாடு நடந்தது. அன்றைய காங்கிரஸ் அதைக் கண்டித்தது. சார்ட்டில் இதெல்லாம் ‘அகதிகள்’ என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. கப்பல் சீட்டு கிடைத்தவரும் அகதி, அரக்கான் மலைகளின் தௌங்குப் கணவாயில் விழுந்தவரும் அகதி.

1942 ஏப்ரலில் மெட்ராஸைப் பாருங்கள். 5-ஆம் தேதி கொழும்பில் குண்டு, 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-ஆம் தேதி திருகோணமலையில். அடுத்தது மெட்ராஸ்தான் என்று எல்லோரும் நம்பினார்கள். உயர் நீதிமன்றம் கோவைக்குப் போனது, அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பிரிந்தன. இன்றியமையாத வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று அரசு அறிவித்தது. மூர் மார்க்கெட் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிச் சாலையின் சிங்கம் புலிகளைக்கூட, குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன செய்வது என்று சுட்டுத் தள்ளினார்கள். போக இடம் இருந்தவர்கள் போனார்கள்: சொந்த ஊரில் வீடு, நிலம், வரவேற்கும் உறவு உள்ளவர்கள். குடிநீர், சாக்கடை, துறைமுகம், ரயில் என்று நகரத்தை ஓட்டும் கைகள் ‘இன்றியமையாதவை’ என்பதால் இருக்க வேண்டியதாயிற்று. மெட்ராஸில் வீடுகள் காலி, வாடகை சரிவு. கிளம்பியவர்கள் போய் இறங்கிய ஊர்களில் வாடகை ஏற்றம். கடைசியில் மெட்ராஸில் குண்டு விழுந்தது 1943 அக்டோபரில்தான், அதுவும் ஒரேயொரு விமானத்திலிருந்து. ராணுவக் கணக்கில் அது ஒன்றுமேயில்லை. சமூகக் கணக்கில், போர் வராமலே ஒரு நகரத்தைப் பிரித்துக் காட்டிவிட்டுப் போனது.

வாடகை என்றதும் இன்னொன்று. மெட்ராஸில் வீட்டு வாடகைக் கட்டுப்பாடு பிறந்தது போர்க்கால உத்தரவில்தான்: 1941-இல், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ். போர் முடிந்தும் அது போகவில்லை. 1946, 1949, 1960 என்று சட்டங்களாக உரு மாறி, 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வரும்வரை இருந்தது. இப்போது ‘போரின் நன்மைகள் / போரின் தீமைகள்’ என்று இரண்டு பத்தி போட்ட சார்ட்டில் இதை எந்தப் பக்கம் எழுதுவது? குடியிருந்தவருக்கு நன்மை, வீட்டுக்காரருக்குத் தீமை, பழைய வாடகையில் உட்கார்ந்திருந்தவரால் வீடு கிடைக்காமல் போன புதுக் குடித்தனக்காரருக்கு மறுபடியும் தீமை. இரண்டு பத்தி போடும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். அது யோசிக்க வைப்பது போலத் தோன்றி யோசனையை முடித்துவைக்கிற வடிவம்.

அரிசிக்கும் இதே கதை. பர்மாவிலிருந்து ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. ரங்கூன் போனதும் அது நின்றது. மெட்ராஸ் மாகாணம், மலபார், திருவிதாங்கூர், கடல் தாண்டி இலங்கை எல்லாம் அந்த அரிசியை எதிர்பார்த்திருந்த இடங்கள். 1943 வங்கப் பஞ்சத்துக்குப் பின்னால் இது ஒரு காரணம், ஒரே காரணமல்ல. விசாரணைக் குழு இறப்பைச் சுமார் 15 லட்சம் என்றது, பிற்கால ஆய்வாளர்கள் 30 லட்சம் வரை சொல்கிறார்கள். அமர்த்தியா சென் 1981-இல் எழுதிய புத்தகத்தில் காட்டியது நம் கேள்விக்கு நேராக வருகிறது: உணவு எவ்வளவு குறைந்தது என்பதைவிட யாருடைய கையில் அதை வாங்கும் திராணி இல்லாமல் போனது என்பதே சாவைத் தீர்மானித்தது. நிலமற்ற கூலிகள், மீனவர்கள் செத்தார்கள். கல்கத்தாவில் போர் உற்பத்திக்கு வேண்டியவர்களுக்கு மலிவு விலையில் தானியம் கிடைத்தது. நம் பக்கத்துக்கு வந்தாலும், கூலியை நெல்லாக அளந்து வாங்கியவருக்கும் காசாக வாங்கியவருக்கும் ஒரே விலையேற்றம் ஒன்றாக இருந்திருக்காது. விற்க நெல் வைத்திருந்தவருக்கு அது இன்னொரு மாதிரி. பெங்களூரில் எம்.டி.ஆர். உணவகத்தார், போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில்தான் ரவா இட்லி பிறந்தது என்று சொல்லிக்கொள்கிறார்கள். இருக்கட்டும், நல்ல கதைதான். ஆனால் அரிசிக்கு மாற்றாக ரவை வாங்க முடிந்தவரின் கதை அது என்பதையும் பிள்ளைகள் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். போர் நடந்தது ஐரோப்பாவில், சீனாவில், ஜப்பானில். கோடிக்கணக்கில் செத்தது அங்கே. நம் ஊரின் வாடகையையும் இட்லியையும் பேசிக்கொண்டிருந்தால் பிள்ளைகளுக்கு உலகப்போரின் அளவே தெரியாமல் போகாதா? போகும், அத்தோடு நிறுத்தினால். நான் கேட்பது கேள்வியைப் பழகும் இடமாக உள்ளூரை வைத்துக்கொள்ளச் சொல்லித்தான். பழகிய கேள்வியோடு காளான் மேகத்துக்கே போங்கள். ஹிரோஷிமாவில் இறந்தவர்கள் எல்லோரும் ஜப்பானியர் என்றுதான் சார்ட் சொல்லும். ஜப்பான் ஆட்சியின் கீழிருந்த கொரியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்கள் என்று பல ஆயிரம் கொரியர்கள் அந்த நகரத்தில் இருந்தார்கள், செத்தார்கள். அவர்களுக்கு 1970-இல் எழுப்பிய நினைவுச் சின்னம் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் நின்றது. பூங்காவுக்குள் இடம் கிடைத்தது 1999-இல். ‘யாருக்கு?’ என்று கேட்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் இது கண்ணில் படும்.

மலாயாவுக்கும் இது பொருந்தும், அங்கே தமிழர் தொடர்பு நேரடியானது. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையை உலகம் ஒரு ஆங்கிலப் படத்தின் மூலம் அறிந்திருக்கிறது. குவாய் நதிப் பாலத்தைப் பற்றிய அந்த 1957 படத்தை எடுத்தது இலங்கையில் என்பது வேடிக்கை. அதைப் பார்த்தவருக்கு அந்தப் பாதையைப் போட்டது வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் என்றுதான் தோன்றும். கைதிகள் சுமார் 60,000 பேர், அவர்களில் 12,000-க்கு மேல் இறந்தார்கள், கொடுமைதான். அவர்களோடு ஆசியத் தொழிலாளர்கள், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களும் பர்மியரும் ஜாவானியரும் மலாய்க்காரரும், சுமார் இரண்டு லட்சம் பேர் இருந்தார்கள். இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் ஒழுங்கு வரிசையில் இருக்கின்றன. தோட்டத் தொழிலாளிக்குப் பெயர் பொறித்த அப்படியொரு கல் இல்லை. ஒரு பக்கம் பட்டாலியன் வாரியாகப் பெயர்ப் பட்டியல், மறுபக்கம் ‘சுமார்’, ‘வரை இருக்கலாம்’. நான் மேலே எழுதிய வாக்கியத்திலேயே அந்த வித்தியாசம் இருக்கிறது, பாருங்கள். பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டுமா? எண்ணப்படாமல் போவதும் ஒரு சமூக விளைவு.

போரால் நல்லதும் நடந்திருக்கிறதே என்பார்கள். நடந்தது. 1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி தொடங்கிய ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் கணிசமானோர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். அன்றைக்குத் துப்பாக்கிப் பயிற்சிக்குப் போனது எவ்வளவு பெரிய உடைப்பு என்பதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதே தோட்டத்தின் லயத்திலிருந்து, அதே ஆண்டில், ஆண்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதத் தெரிந்த குழுவுக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

ஆகவே, குழுவை எப்படிப் பிரிப்பது என்பதுதான் முக்கியம். உயிர்ச்சேதம் உனக்கு, பொருட்சேதம் அவனுக்கு என்று தலைப்பாகப் பிரித்தால் ஆளுக்கொரு பத்தி வரும், பேச்சு வராது. ஆளாகப் பிரிக்கலாம். ஒருவருக்கு ரங்கூன் துறைமுகத் தொழிலாளி, ஒருவருக்குப் பர்மாவில் நிலம் வைத்திருந்த நகரத்தார் குடும்பம், ஒருவருக்கு மெட்ராஸ் வாடகைக் குடித்தனம், ஒருவருக்கு வீட்டுக்காரர், ஒருவருக்குத் தஞ்சாவூர் மிராசுதார், அவர் வயலில் வேலை செய்தவரை இன்னொருவருக்கு. கற்பனையாக நடித்துக் காட்டுவது வேண்டாம், அது கண்ணீரில் போய் முடியும். சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஆதாரம் என்ன என்று எழுத வேண்டும். ஆதாரம் இல்லையென்றால், ஏன் இல்லை என்று எழுத வேண்டும். மிராசுதாரைப் பற்றிக் கிடைக்கும் காகிதம் அவர் ஆளைப் பற்றிக் கிடைக்காது. அதைக் கண்டுபிடிக்கிற அன்றைக்குத்தான் அந்தக் குழு குழுவாகிறது, ஏனென்றால் அப்போதுதான் ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்க வேண்டிவரும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்க்கிறேன். காரணச் சங்கிலியை நேர்க்கோடாகப் போடும் ஆசை பிள்ளைகளுக்கும் வரும், ஆசிரியருக்கும் வரும். ரேஷன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘போரில் பிறந்தது, இன்றும் இருக்கிறது’ என்று எழுதினால் சார்ட்டுக்கு அழகாக இருக்கும். நடந்தது அப்படியல்ல. போர்க்கால ரேஷன் முறையை ராஜாஜி 1952 ஜூனில் எடுத்தே விட்டார். பிறகு 1960-களின் தட்டுப்பாட்டில் வேறு காரணங்களோடு திரும்பி வந்தது; இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தஞ்சாவூரில் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது; தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-இல். போர் ஒரு வழியைக் காட்டிவிட்டுப் போனது, அவ்வளவே. கோடு அறுந்த இடத்தை அறுந்ததாகவே வரைந்து காட்டும் குழு, அறுக்காமல் இழுத்த குழுவைவிட அதிகம் கற்றிருக்கிறது.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, ஆதாரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. பாடவேளை முக்கால் மணி நேரம், வகுப்பில் நாற்பது பேர், பக்கத்தில் பொதுத்தேர்வு. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு யாரையும் அனுப்பச் சொல்லவில்லை. 1943 முதல் 1947 வரை அடித்த ஓட்டைக் காலணா ஒன்று பழைய நாணயக் கடையில் இன்றும் கிடைக்கிறது. உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. நடுவில் விரல் நுனி படும் அளவு ஓட்டை, சுற்றிலும் மெல்லிய வளையம். அதற்கு முந்திய காலணாவின் எடையில் பாதிகூடக் கிடையாது. செம்பைப் போருக்கு மிச்சம் பிடிக்க, ஏழையின் காசிலிருந்தே வெட்டி எடுத்தார்கள். இரண்டையும் ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தாலே அரை வகுப்பு நடந்துவிடும். வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல் இருக்கிறது: முதல் உலகப்போருக்கு அவ்வூரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது, ஒரு பெயர்கூட இல்லை. உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, சோழவரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டாம் போரின் விமான ஓடுபாதை இருக்கிறது. அது யார் நிலம் என்று கேட்கலாம். 1945-இல் வந்த ‘பர்மா ராணி’, ‘மானசம்ரக்ஷணம்’ போன்ற படங்கள் அரசு மக்களிடம் என்ன சொல்ல விரும்பியது என்பதைக் காட்டும். கடிகாரத்தைக்கூடப் போர் விடவில்லை. 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை நாடு முழுவதும் நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். தமிழ் மின்நூலகத்தில் அக்காலப் பத்திரிகைகள் வலையேறியிருக்கின்றன. ஒரு குழுவுக்கு இவற்றில் ஒன்று போதும்.

இருப்பதிலேயே கனமான ஆட்சேபத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். எண்பது ஆண்டு பழைய போர் எதற்கு, 1983-இலிருந்து இலங்கைப் போரால் வந்தவர்கள் இங்கே முகாம்களில் இருக்கிறார்களே, அவர்கள் பிள்ளைகள் அதே வகுப்பில் படிக்கிறார்களே, அவர்களைக் கேட்டால் ஆகாதா? ஆகாது என்பதே என் பதில், குறைந்தபட்சம் பள்ளிச் செயல்திட்டத்தில். குடியுரிமை முடிவாகாமல், வெளியூர் போவதற்கும் அனுமதி என்ற நிலையில் வளரும் ஒரு பிள்ளையை, ‘உன் வீட்டில் என்ன நடந்தது, சொல்’ என்று சக மாணவர்கள் முன்னால் நிறுத்துவது படிப்பல்ல. அந்தப் பிள்ளை தானாகப் பேச முன்வந்தால் கேட்கலாம். கேட்டதை சார்ட்டில் ஒட்டக் கூடாது. ஈழத்தை ஒதுக்கச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முகாம் என்ற ஏற்பாட்டை, அதைப் பற்றிய அரசாணைகளை, 2021-இல் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியதை, பெயர் மாறியபின் என்ன மாறியது என்பதை ஆராயலாம். விசாரிக்க வேண்டியது நம் பக்கத்து ஏற்பாட்டை. பக்கத்து பெஞ்சுக்காரனை அல்ல. 1942-இல் பயின்றுகொண்டால் இந்த நிதானம் கைவரும் என்பதும் பழைய போரை நான் பரிந்துரைக்க ஒரு காரணம்.

ஆசிரியர்களிடம் கேட்டாயிற்று; வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது பர்மாவிலோ மலாயாவிலோ இருந்தவர்கள் என்றால், பரணில் பழைய டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கலாம். அதில் 1940-களின் ரேஷன் கார்டு, ரங்கூன் முகவரியிட்ட கடிதம், கப்பல் சீட்டு, மணியார்டர் துண்டு, ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டு ஏதாவது கிடந்தால், வெள்ளையடிக்கும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போனில் படம் எடுத்து, எந்த ஊர், எந்த ஆண்டு, யாருடையது என்று ஒரு காகிதத்தில் எழுதி, உங்கள் ஊர் அரசுப் பள்ளிச் சமூக அறிவியல் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டுப் பெரியவர் பேசுகிற நிலையில் இருந்தால் இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். 1942-இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது.